அணைந்த எரிமலையில் ஒரு கயிலாயம்!

‘‘ஏம்மா, விளக்கே ஏத்தாத கோயிலுக்குப் போய் என்னம்மா பண்ணப் போறே?’’

தாய்லாந்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னிடம் மாமியார் கேட்ட கேள்வி இது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவரோ ஒரு விபூதிப் பொட்டலத்தை என் கைப்பையில் வைத்துவிட்டு, ‘‘போய்ட்டு வந்து சொல்லு’’ என்று அடுக்களைக்குப் போய்விட்டார்.

தாய்லாந்து என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பாங்காக், பட்டாயா, ஷாப்பிங்! ஆன்மிக நாட்டம் உள்ளவர்கள் என்றால் பாங்காக் நான்முகப் பிரம்மாவையும், சீலோம் சாலை மாரியம்மனையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டி, நாட்டின் வடகிழக்கு மூலைக்குப் போகிறவர்கள் நம்மில் வெகு சிலர்தான்.

அந்த வடகிழக்குப் பகுதிக்குத் தாய்லாந்து மக்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘ஈசான்’! ஆமாம். நம் வீட்டில் பூஜையறையை எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்களோ, அந்த ஈசானிய மூலையேதான். ஈசனுக்கு உரிய திசையின் பெயரையே ஒரு பெரிய நிலப்பரப்புக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அந்த ஈசானில் ஒரு மாகாணம் புரிராம். ‘புரி’ என்றால் நகரம். ‘ரம்ய’ என்றால் இனிமை. இன்பமான ஊர் என்று பொருள். பாங்காக்கில் இருந்து சுமார் 400 கி.மீ. கார், பைக் பந்தயங்களும் கால்பந்தும்தான் இன்றைய இளைஞர்களுக்கு இந்த ஊரை அறிமுகம் செய்கின்றன. நமக்கு அது வேண்டாம். நாம் மலை ஏறுவோம்.

புரிராமில் ஆறு எரிமலைகள் இருக்கின்றன. பயப்படாதீர்கள், எல்லாம் பல லட்சம் வருடங்களுக்கு முன்பே அணைந்து குளிர்ந்தவை! அவற்றில் ஒன்றின் உச்சியில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது பனோம் ருங் சிவாலயம். கெமர் மொழியில் ‘பெரிய மலை’ என்று அர்த்தம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வயல்வெளி. நடுவே இந்த ஒரு மலை. கயிலாயமாகவே பாவித்து இதன் மேல் கோயில் எழுப்பியிருக்கிறார்கள்.

யார் எழுப்பியது? அங்கோர்வாட் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். கம்போடியாவில் அந்தப் பிரமாண்டமான விஷ்ணு ஆலயத்தைக் கட்டிய கெமர் பேரரசன் இரண்டாம் சூர்யவர்மன். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியும் கெமர் ஆட்சியில்தான் இருந்தது. 10-ஆம் நூற்றாண்டிலேயே இந்த மலையில் வழிபாடு தொடங்கிவிட்டது. இப்போது நாம் காணும் பெரிய விமானம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சூர்யவர்மனின் உறவினரான நரேந்திராதித்யர் எழுப்பியது. போர்க்களம் கண்ட வீரரான அவர், பிற்காலத்தில் எல்லாவற்றையும் துறந்து இந்த மலையிலேயே தவசியாக வாழ்ந்தாராம். இதைச் சொல்வது அவருடைய மகன் ஹிரண்யர் பொறித்து வைத்த சம்ஸ்கிருதக் கல்வெட்டு. அப்பா ராஜாவாக இருந்த பெருமையோடு, அப்பா சாமியாராகிப் போன கதையையும் கல்லில் எழுதி வைத்த பிள்ளை!

சரி, படி ஏறலாமா?

நேரே கோயில் வாசலுக்குப் போய்விட முடியாது. முதலில் 160 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல் பாதை. இரண்டு பக்கமும் தாமரை மொட்டு வைத்த கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பாதை முடிகிற இடத்தில் ஒரு நாகப் பாலம். ஐந்து தலை நாகங்கள் படமெடுத்து நம்மை வரவேற்கின்றன. கீழே ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது, எதற்குப் பாலம்? மனிதர்களின் உலகில் இருந்து தேவர்களின் உலகுக்குக் கடந்து போகிறோம் என்பதன் அடையாளம் அது. அதைத் தாண்டினால் செங்குத்தான படிக்கட்டு. ஐந்து அடுக்காகப் பிரித்து, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். பின்பக்கத்தில் இன்னொரு வாகன நிறுத்தம் உண்டு. அங்கிருந்து ஏற வேண்டிய படிகள் குறைவு. ஆனால், முடிந்தவர்கள் கிழக்குப் பாதையிலேயே வாருங்கள். விமானத்தின் முனை மட்டும் முதலில் தெரிந்து, பிறகு மறைந்து, மறுபடி முழுசாக எழுந்து நிற்கும் அந்த அழகு, பின்வாசலில் வருபவர்களுக்குக் கிடைக்காது.

உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பாருங்கள். கிழக்கு மண்டப வாசலுக்கு மேலே முகப்பில், பத்துக் கரங்களோடு ஆடிக்கொண்டிருக்கிறார் சிவபெருமான். அவருக்குச் சரியாகக் கீழே, நிலைவாசலின் உத்திரக் கல்லில் பள்ளிகொண்டிருக்கிறார் மகாவிஷ்ணு! நாபியில் இருந்து எழுந்த தாமரையில் பிரம்மா. திருவடி அருகே மகாலட்சுமி. ஓரத்தில் கிளிகள்கூட உண்டு. சிதம்பரத்தில் ஓரிடத்தில் நின்றபடியே நடராஜரையும் கோவிந்தராஜரையும் சேர்த்து தரிசிப்போம் அல்லவா? கடல் கடந்த ஒரு மலை உச்சியில் ஆடும் ஈசனையும் கிடந்த பெருமாளையும் ஒரே வாசலில் பார்த்தபோது, எனக்கு அந்த நினைப்புதான் வந்தது.

அந்தப் பெருமாளைத் தாய்லாந்து மக்கள் ‘ப்ரா நாராய்’ என்று அழைக்கிறார்கள். நாராயணன்தான். சிவனுக்கு ‘ப்ரா இசுவான்’, அதாவது ஈஸ்வரன். இந்தப் ப்ரா நாராய்க்கு ஒரு கதை இருக்கிறது. இந்தக் கோயிலில் எதை மறந்தாலும் அதை மறக்க முடியாது.

1960-களில் ஒருநாள் அந்த உத்திரக் கல் காணாமல் போய்விட்டது!

அப்போது கோயில் சிதைந்து கிடந்த நேரம். கற்கள் சரிந்து கீழே விழுந்திருந்தன. காவல் கிடையாது. யாரோ பெருமாளைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் கல்லின் ஒரு துண்டு மட்டும் பாங்காக்கில் பழம்பொருள் கடை ஒன்றில் அகப்பட்டது. மீதி? பல வருடங்கள் கழித்து, 1970-களில்தான் தெரியவந்தது. அமெரிக்காவில், சிகாகோ நகரின் கலைக்கூடத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது பெருமாளின் திருவுருவம். தாய்லாந்தின் புகழ்பெற்ற கலை வரலாற்று அறிஞரான இளவரசர் சுபத்ராதிஸ் திஸ்குல் அதைத் திருப்பித் தரும்படி குரல் கொடுத்தார். உடனே நடந்துவிடவில்லை.

இங்கே மலை மேல் 1971-ல் திருப்பணி தொடங்கியது. சரிந்து கிடந்த ஒவ்வொரு கல்லையும் அடையாளமிட்டு, அது இருந்த இடத்தைக் கண்டுபிடித்து, திரும்ப அடுக்கினார்கள். பதினேழு வருட வேலை. 1988 மே மாதம் கோயில் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. ஆனால், பெருமாள் இல்லை! ‘எங்கள் நாராயணனைத் திருப்பிக் கொடு’ என்று நாடே கேட்டது. சிகாகோவில் வசித்த தாய்லாந்துக்காரர்கள் கலைக்கூட வாசலிலேயே போராடினார்கள். ‘கராபாவோ’ என்ற இசைக்குழு இதைப் பாட்டாகவே பாடியது. ஒரு சினிமாப் பாட்டு மாதிரி, டீக்கடைக்காரர் முதல் பள்ளிப் பிள்ளைவரை முணுமுணுக்க வைத்தது அந்தப் பாட்டு. அதே வருடம் நவம்பர் மாதம் பெருமாள் விமானம் ஏறி வீடு திரும்பினார். பாங்காக்கில் கிடைத்த துண்டையும் சேர்த்து, பழையபடி வாசலுக்கு மேலே எழுந்தருளச் செய்தார்கள். சிற்பத்தை உற்றுப் பாருங்கள். உடைத்து எடுத்ததன் வடு தெரியும்.

நம் பத்தூர் நடராஜர் லண்டனில் வழக்காடி 1991-ல் திரும்பி வந்ததும், ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவில் இருந்து 2014-ல் வந்து சேர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். எனவே இந்த வலியும் அந்தச் சந்தோஷமும் நமக்குப் புதிதல்ல. புரிராமுக்கும் இது ஒருமுறையோடு முடியவில்லை. இதே மாகாணத்தின் நோங் ஹாங் கோயிலில் இருந்து களவுபோன உத்திரக் கல் ஒன்று, 2021-ல் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து வந்து சேர்ந்தது. பக்கத்திலேயே இருக்கும் ப்ளாய் பாத் மலையில் இருந்து 1960-களில் தோண்டி விற்கப்பட்ட வெண்கலத் திருமேனிகள் இன்னமும் பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன.

இன்னொன்று யோசித்தீர்களா? ‘எங்கள் சாமி’ என்று போராடிய அந்த மக்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள்! தினமும் புத்தருக்கு ஊதுவத்தி ஏற்றுபவர்கள். தாமும் தம் பெற்றோரும் வழிபட்டே இராத ஒரு தெய்வத்துக்காக ஒரு நாடு வீதிக்கு வந்ததை நினைத்தால், எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

வாருங்கள், உள்ளே போவோம். மண்டபத்தில் நந்தி படுத்திருக்கிறார். அவர் பார்வை போகும் இடத்தில், கருவறையில் சிவலிங்கம். அபிஷேக நீர் வடக்கே வெளியேறுவதற்காகத் தரையில் வெட்டிய கல் கால்வாய் அப்படியே இருக்கிறது. நம் கோயில்களில் கோமுகி என்போமே, அதே ஏற்பாடு. கருவறைக்கு முன்னால் உள்ள நிலையின் மேலே ஐந்து தவசிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். மேற்குப் பக்கம் ராமாயணம்! நாகபாசத்தில் கட்டுண்டு கிடக்கும் ராம லட்சுமணரைத் தேடிக் கண்டுபிடித்து உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிராகாரத்தின் தென்மேற்கில் கூரை இல்லாத சிறு கோயில் ஒன்று உண்டு. ‘பிராங் நோய்’, அதாவது சின்ன கோபுரம் என்கிறார்கள். அதையும் விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கால்வாயில் பல நூறு வருடங்களாக ஒரு சொட்டு அபிஷேக நீர் ஓடவில்லை. மணி ஓசை இல்லை. குருக்கள் இல்லை. தொல்லியல் சின்னம் என்பதால் விளக்கேற்றவோ, பாலாபிஷேகம் செய்யவோ கூடாது. மாமியார் கொடுத்த விபூதியை அங்கே எங்கும் வைக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். 2008-ல் சிலர் இரவில் புகுந்து சிற்பங்களைச் சேதப்படுத்திய பிறகு, காவலில் இன்னும் கண்டிப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்த பூசலார் நாயனாரை அந்த நிமிடம் நினைக்காமல் எப்படி இருக்க முடியும்? மானசீகமாக அபிஷேகம் செய்து, அலங்காரம் செய்து, தீபம் காட்டி முடித்துக் கண் திறந்தேன். பக்கத்தில் தாய்லாந்துப் பாட்டி ஒருவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி இடுக்கிக்கொண்டு, இரு கை கூப்பி நின்றிருந்தார். எனக்கு அவர் மொழி தெரியாது. விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு அவரிடம் நீட்டினேன். சிரித்தபடி அவரும் இட்டுக்கொண்டார்.

வருடத்தில் நான்கு முறை இங்கே வேறொரு பூஜை நடக்கிறது. கிழக்குக் கோடியில் இருந்து மேற்குக் கோடிவரை இந்தக் கோயிலில் பதினைந்து வாசல்கள், ஒரே நேர்கோட்டில். ஏப்ரல் 3 முதல் 5 வரையிலும், செப்டம்பர் 8 முதல் 10 வரையிலும், உதயசூரியனின் கதிர் பதினைந்து வாசல்களையும் ஊடுருவி சிவலிங்கத்தின் மீது படுகிறது. மார்ச் 5 முதல் 7 வரையிலும், அக்டோபர் 5 முதல் 7 வரையிலும் அஸ்தமன சூரியன் மேற்கில் இருந்து வந்து அதே போல் வணங்கிச் செல்கிறான். கோயிலை நேர் கிழக்கில் வைக்காமல் மிக லேசாக வடக்கே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் மார்ச் 21-ஐ ஒட்டி இல்லாமல், இரண்டு வாரம் தள்ளி இந்தக் காட்சி கிடைக்கிறது. நம்மூர் சிவாலயங்கள் பலவற்றில் குறிப்பிட்ட நாட்களில் சூரிய பூஜை நடக்கிறதே, அதன் தொலைதூர உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகம் வந்தால் தரிசனம் கிடையாது. செப்டம்பர், அக்டோபர் மழைக்காலம் என்பதால் ஏமாற வாய்ப்பு அதிகம். நான் போனது ஜனவரியில். எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் மாதத்தில் பனோம் ருங் திருவிழாவும் உண்டு. திசைகளைக் காக்கும் தேவர்களின் வாகனங்கள் ஊர்வலமாக வர, நரேந்திராதித்யரின் தாயார் பூபதீந்திரலட்சுமி தேவியாக வேடமிட்ட பெண் பட்டும் நகையுமாக வலம் வருவார்.

மலையை விட்டு இறங்கினால் சுமார் எட்டு கி.மீ. தூரத்தில் முவாங் தாம் கோயில். ‘தாழ்ந்த ஊர்’ என்று பொருள். மேலே கயிலாயம் என்றால், கீழே தடாகம்! பனோம் ருங்கைவிடப் பழமையானது. ஐந்து செங்கல் கோபுரங்களில் நடுவில் இருந்த பெரியது இடிந்துவிட்டது. ஆனால், இங்கே கோபுரத்தைவிட மனதைக் கவர்வது நான்கு மூலைகளிலும் உள்ள குளங்கள்தான். ஒவ்வொரு குளத்தின் கரையும் ஒரு நாகத்தின் நீண்ட உடல்! மூலையில் தலை தூக்கிப் படமெடுக்கிறது. உள்ளே அல்லியும் தாமரையும். ரிஷபத்தின் மேல் உமையோடு அமர்ந்த ஈசன், கோவர்த்தனகிரியைத் தூக்கும் கண்ணன், காளிங்கனை அடக்கும் கண்ணன் என்று உத்திரக் கற்களில் நமக்குத் தெரிந்த கதைகளே. உண்மையைச் சொல்கிறேன், பனோம் ருங்கில் கூட்டம் நெருக்கியது. முவாங் தாமில் குளக்கரையில் ஒரு மணி நேரம் யாருமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்டால், மறுபடி போனால் முதலில் இங்கேதான் போவேன்.

அங்கோரில் இருந்து பீமாய் நகருக்குச் சென்ற ராஜபாட்டை இந்தப் பக்கமாகத்தான் போனது. ஏழாம் ஜெயவர்மன் என்ற மன்னர் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழிப்போக்கர்கள் தங்க சத்திரங்களும், நோயாளிகளுக்கு ஆரோக்கியசாலைகளும் கட்டினார். அவர் ஏற்படுத்திய மருத்துவசாலைகள் 102 என்கிறது கல்வெட்டு. அவற்றோடு இருந்த சிறு கோயில்களில் ஒன்று மலையடிவாரத்திலும், இன்னொன்று முவாங் தாம் அருகிலும் நிற்கின்றன. பான் பூ என்ற கிராமத்தில் சத்திரத்துக் கோயில் ஒன்று பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

ராமாயணம் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். இணை பிரியாத இரண்டு கிரௌஞ்சப் பறவைகளில் ஒன்றை வேடன் அம்பால் வீழ்த்த, மற்றொன்று கதறியதைக் கண்ட வால்மீகியின் சோகம் சுலோகமானது. அந்தக் கிரௌஞ்சம், இன்று சாரஸ் கொக்கு என அழைக்கப்படும் பறவையே என்பது பலர் கருத்து. ஆளுயரம் நிற்கும், சிவந்த தலை, ஆயுள் முழுக்க ஒரே துணையோடு வாழும். தாய்லாந்தின் வயல்களில் இருந்து இந்தப் பறவை முற்றிலும் மறைந்து போயிருந்தது. உயிரியல் பூங்காவில் குஞ்சு பொரிக்கச் செய்து, வளர்த்து, 2011 முதல் புரிராமின் ஏரிகளில் பறக்க விட்டார்கள். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள்! வயலில் விஷ மருந்து அடித்தால் கொக்கு பிழைக்காதே? ஏரிக்கரை விவசாயிகள் பலர் இயற்கை உரத்துக்கு மாறினார்கள். அந்த அரிசியையே ‘சாரஸ் அரிசி’ என்று விற்கிறார்கள். நெற்பயிர் நடுவே கூடு கட்டினால், அறுவடையின்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடும் விவசாயிகள் உண்டு என்று வழிகாட்டி சொன்னார். ஹுவாய் ஜோரகே மாக் ஏரிப் பக்கம் விடிகாலையில் போங்கள். ஜோடியாக நின்று கழுத்தை உயர்த்திக் குரல் கொடுக்கும். ஒரு கிலோமீட்டருக்குக் கேட்கும்.

புரிராம் நகருக்கு அருகிலேயே காவ் க்ராடோங் என்ற இன்னோர் அணைந்த எரிமலை. 297 படிகள் ஏறினால் பெரிய புத்தர் சிலையும், எரிமலை வாயும். அது இப்போது மரம் அடர்ந்த பள்ளம்தான். தீக்குழம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்!

பெண்களுக்குச் சொல்லாமல் விடலாமா? இது பட்டு நெய்யும் பூமி. சிவப்புக் கரை வைத்த ‘சின் தீன் டேங்’ இவர்களின் பாரம்பரியப் பட்டு. பனோம் ருங் அருகே சரோன் சுக் கிராமத்தில் எரிமலை மண்ணையே கரைத்துத் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். நம் காவியைப் போல ஒரு மங்கிய செம்பழுப்பு. என் மாமியாருக்கு அதில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். பூஜையறையில் உட்காரும் பலகை மேல் விரித்திருக்கிறார்.

சாப்பாட்டில் கவனம் தேவை. காய்கறிதானே என்று வாங்கினால் மீன் சாறு கலந்திருக்கும்! ‘ஜே’ என்று கேளுங்கள். மீன், முட்டை, பால், பூண்டு எதுவும் இல்லாத சைவம் அது. மஞ்சள் நிறக் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடைகளைத் தேடுங்கள். பழங்களுக்குக் குறைவில்லை. பொடி, ஊறுகாய் எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

பாங்காக்கில் இருந்து புரிராமுக்கு ரயிலும் விமானமும் உண்டு. பனோம் ருங் மட்டும் போதும் என்றால், பேருந்தில் நாங் ரோங் என்ற சிற்றூரில் இறங்கி, வாடகைக் கார் பிடிப்பது எளிது. இரண்டு கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பறவைக்கு மறுநாள் காலை. நவம்பர் முதல் பிப்ரவரிவரை இதமான வெயில். ஏப்ரலில் கல் தரை கொதிக்கும். குடையும் தண்ணீரும் அவசியம். மாகாணத்தின் தெற்கு எல்லை கம்போடியாவைத் தொடுகிறது. 2025 ஜூலையில் இரு நாடுகளுக்கும் எல்லையில் சண்டை மூண்டது. எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன், அங்குள்ள நிலவரத்தையும், கோயில் திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சூரிய தரிசனத்துக்காகப் போகிறவர்கள் முதல் நாளே நாங் ரோங்கில் தங்கிவிட வேண்டும். உதயத்துக்கு வெகு முன்பே மலையில் வரிசை தொடங்கிவிடும்; கதிர் நிற்பதோ சில நிமிடங்கள்தான்.